தக்காளியின் பின்னால் போன அத்தை

தொண்ணூறுகளில், தமிழும் கன்னடமும் பேசும் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்குத் தெரிந்த படிப்பு டைப்ரைட்டிங், பி.காம்., கொஞ்சம் துணிந்தால் கம்ப்யூட்டர். அப்பாவின் தங்கை இவற்றில் எதிலும் சேராமல், சாப்பாட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சியில் சேர்ந்துவிட்டார். நாம் தின்பது எங்கே விளைகிறது, யார் யார் கை மாறி வருகிறது, மண்ணும் தண்ணீரும் தீர்ந்துபோகாமல் அது எல்லோருக்கும் கிடைக்க அரசாங்கம் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அங்கே பாடம். அப்பா இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கப் பார்த்து, முடியாமல், "கேட்டரிங் மாதிரி" என்று முடித்துக்கொள்வார்.

பயிற்சிக்கு வந்த ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு பொருளைத் தோட்டத்திலிருந்து அடுப்படி வரை பின்தொடர வேண்டும் என்றார்கள். பார்க்கலாம், கேட்கலாம், நடப்பதில் தலையிடக் கூடாது. அத்தை தக்காளியை எடுத்துக்கொண்டார். எனக்குப் பள்ளி விடுமுறை. வீட்டில் என் தொல்லை தாங்காமல் அம்மா என்னையும் அவரோடு அனுப்பிவிட்டாள்.

அத்திபெலேக்குப் பக்கத்தில் ஓர் அக்காவின் தோட்டம். நாங்கள் போனபோது டெம்போவில் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"போர்ல வந்த தண்ணியெல்லாம் இதுக்கே விட்டோம்மா. ராகிக்குக்கூட விடல," என்றார் அத்தையிடம்.

டிரைவருக்குப் பக்கத்தில் மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, பொம்மசந்திரா ஃபேக்டரிப் புகையைத் தாண்டி மார்க்கெட் வந்து சேர்ந்தோம். அங்கே எங்கே பார்த்தாலும் தக்காளி. மண்டிக்காரர் எங்கள் கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இவத்து பேடம்மா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அடுத்த மண்டியிலும் இன்றைக்கு வேண்டாம் என்றே சொன்னார்கள்.

திரும்பும் வழியில், ஒரு காலி மைதானம் வந்ததும் அக்கா டெம்போவை நிறுத்தச் சொன்னார். அவர் அழவில்லை. முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறி, முதல் கூடையைக் கவிழ்த்தார். ஏற்கெனவே யாரோ கொட்டிப்போன தக்காளியை அங்கே மாடுகள் தின்றுகொண்டிருந்தன. அக்கா இரண்டாவது கூடையில் கை வைத்தபோது அத்தையால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அக்கா, விடுங்க. எங்க தெருவுக்குப் போலாம்."

மத்தியானம் எங்கள் தெரு முனையில் டெம்போ நின்றது. நான் தமிழில் கூவினேன், கன்னடத்தில் கூவினேன், மசூதிப் பக்கத்து வீடுகளுக்காக எனக்குத் தெரிந்த உருதுவிலும் கூவினேன். வீட்டு மானம் போகிறது என்று கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா, அத்தைக்கு எடை போடத் தெரியவில்லை என்பதைப் பார்த்ததும் பொறுக்கமாட்டாமல் இறங்கி வந்து, கடையில் இரவல் வாங்கியிருந்த தராசைப் பிடுங்கிக்கொண்டாள். பொழுது சாய்வதற்குள் கூடைகள் காலி. அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்துக்கொண்டே வண்டி ஏறினார். அன்று தெரு முழுக்கத் தக்காளித் தொக்கு மணந்தது.

அத்தை தன் ஆய்வைப் பற்றிப் பேச வேண்டிய நாளில் நானும் அடம்பிடித்துக் கூடப் போனேன். பெரிய ஹால். அத்தை எதையும் மறைக்கவில்லை.

"மார்க்கெட் வரைக்கும் ஆராய்ச்சி பண்ணேன். அதுக்கப்புறம் தக்காளி வித்தேன்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்த பேராசிரியை அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"சரி, மறுநாள் வந்த தக்காளி என்னாச்சு?" என்று கன்னடத்தில் கேட்டார்.

இவ்வளவு பெரிய காரியம் செய்த அத்தையைப் பாராட்டாமல் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நானே எழுந்து, மறுநாளும் எங்கள் தெருவுக்கே கொண்டுவரட்டும் என்று சொல்லியிருப்பேன். அத்தை அதைச் சொல்லவில்லை.

"தெரியாது மேடம்," என்றார். குரலில் தயக்கமே இல்லை. "ஒரு டெம்போவ நான் வித்துட்டேன். மத்த டெம்போவுக்கெல்லாம் என்ன பண்றது, எல்லாரும் ஒரே சமயத்துல தக்காளி போடாம இருக்க என்ன பண்றது, அந்தத் தண்ணிய வேற எதுக்கு விட்டிருக்கலாம், இதெல்லாம் தெரிஞ்சுக்கணும்னுதான் இங்க வந்தேன்."

பேராசிரியை தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு, "அப்போ திரும்பவும் அத்திபெலேக்குப் போங்க. இந்தத் தடவை ஒரு வருஷம் இருந்து பாருங்க. நான் உங்ககூட இருக்கேன்," என்றார்.

என் பள்ளியில் தப்பாக எழுதியவர்களைத்தான் திரும்ப எழுதச் சொல்வார்கள். அத்தைக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். அவரோ பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் மைசூர்பாகு வாங்கினார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தார். பாவம், துக்கத்தை வெளியில் காட்டாமல் இருக்கிறார் என்று முடிவு செய்து, என் மைசூர்பாகில் பாதியைப் பிட்டு அவர் கையில் வைத்து, "பரவால்ல அத்தை," என்றேன்.