மேலே போகாத புகை

ஹனூரிலிருந்து மைசூருக்கு வரும் காலைப் பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மேல் புகை நாற்றம் வீசியது. சிவந்திருந்த கண்களை ஈரத் துண்டால் ஒற்றிக்கொண்டே வந்தார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு, "பீடி குடிச்சுட்டு பஸ்ல ஏறாதீங்க" என்றேன்.

"பீடி இல்லீங்க சார். மூணு நாளா காட்டுத்தீ அணைச்சோமுங்க. எனக்குத் தீக்காவல் வேலைங்க."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கல்லூரியில் புவியியல் நடத்துகிறவன் அல்லவா, தப்பை மறைக்கப் பாடம் எடுத்தேன். வெளிநாடுகளில் பெருங்காடுகள் எரியும்போது அந்த வெப்பமே இடிமேகத்தை உண்டாக்கிவிடும், அது புகையை விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே தள்ளிவிடும், அங்கே கழுவி இறக்க மழை இல்லாததால் புகை மாதக்கணக்கில் உலகைச் சுற்றும் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"நம்ம காட்டுப் புகையும் அங்க போகுமுங்களா?"

"இல்ல, நம்ம ஊர் தீ சின்னது. புகை அவ்வளவு மேல போகாது."

அவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "சரிதானுங்க. பாதிக்கு மேல எங்க நெஞ்சுக்குள்ளயே போயிருச்சுங்க."

குரலில் கோபமே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்று எழுந்து கடைசி இருக்கைக்குப் போய்விட்டார்.

"இங்கேயே உட்காருங்க" என்று நான் சொல்லவில்லை. காலியான இடத்தில் என் பையை வைத்துக்கொண்டேன். மைசூர் வரும்வரை பின்னாலிருந்து அந்த இருமல் கேட்டது. ஒருமுறைகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை.