படுதாவில் இருந்த கடல்

முகப்பவுடரும் டர்பன்டைனும் கலந்த வாசனை எங்கே வந்தாலும் இன்றும் நான் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவேன். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்த போட்டோ ஸ்டுடியோவின் வாசனை அது. அங்கே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ‘சீன் படுதா’ தொங்கும்: மத்தியதரைக் கடலோரத்துத் துறைமுக நகரம், சரிவில் அடுக்கடுக்காக மஞ்சள் வீடுகள், கீழே பாய்மரப் படகுகள், எங்கள் மொரப்பூர்ப் பக்கத்து ஏரிகள் எல்லாம் நிறைந்தாலும் காணாத அளவுக்குத் தண்ணீர். ‘பொண்ணு போட்டோ’ என்றால் அதன் முன்னால்தான் நிறுத்துவார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு முதலில் போவது அந்தப் போட்டோதான்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு அப்பா அக்காவை அங்கே அழைத்துப் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். மேலே படிக்கிறேன் என்று கெஞ்சிக் கெஞ்சி ஓய்ந்துபோயிருந்த அக்கா, படுதாவைக் கண்டதும்தான் வாயைத் திறந்தாள்.

“இந்த ஊருக்கு எப்படிப் போறதுங்க பாய்?”

“கப்பல்லதாம்மா போவணும். நான் மட்டும் போயிருக்கறனா? காலண்டரப் பாத்து வரைஞ்சது,” என்று ஸ்டுடியோக்காரர் சிரித்தார்.

அவள் படகுகளைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் ஒரு படம் பதிந்துவிட்டது. அதட்டி நேராக நிறுத்தி இன்னொன்று எடுத்தார்கள். படங்கள் கைக்கு வந்ததும், “மாப்ள வூட்டுக்குக் குடுக்கறதுல மூஞ்சிய எங்க திருப்பிக்கிட்டு நிக்கற?” என்று அப்பா முதல் படத்தை அங்கேயே கிழித்துப் போட்டார். அதில்தான் அவள் சிரித்திருந்தாள்.

நேராகப் பார்த்த படம் போனது, கல்யாணமும் ஆனது. தலைப்பிரசவத்தில் தாயும் போனாள், பிள்ளையும் போனது. “தலையெழுத்து” என்றார்கள் பெரியவர்கள். எழுதியவர்கள் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். மாலை போடவும் அதே படம்தான்; அதற்குத் துறைமுகம் எதற்கென்று, பின்னணியை அழித்து வெறும் நீலம் அடித்து மாட்டினார்கள்.

கிழிந்த படத்தின் நெகட்டிவ் கிடைக்குமா என்று சென்ற மாதம் போயிருந்தேன். மாடியில் செல்போன் பழுது பார்க்கிறார்கள். ஸ்டுடியோக்காரரும் இல்லை, படுதாவும் இல்லை, அப்படி ஒன்று தொங்கியது அங்கே யாருக்கும் தெரியவும் இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில், பிளஸ் டூ படிக்கும் என் மகள் அக்காவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, என்னவிட சின்னப் புள்ளயா இருக்குது. இதயா நான் பெரியம்மான்னு கூப்புடணும்?”