விரல் போகும் இடம்

ஊர் பஸ்களைக் குளிப்பாட்டுவதுதான் அவருக்குப் பிழைப்பு. பகலெல்லாம் ஓடிவிட்டு டிப்போவில் வந்து நிற்கிற வண்டிகளை, ரப்பர் குழாயும் நீளப் பிரஷ்ஷுமாக ராத்திரி முழுக்க ஒரு கை பார்ப்பார். டிப்போவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. எல்லாருக்கும் அவர் 'குளியல்'தான்.

வீட்டிலும் அந்தக் குளியல் அவரை விடவில்லை. மனைவிக்கு பேக்கரியில் வேலை. விடிகாலையில் இவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாள். அதற்குப் பிறகு ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து, குளிப்பாட்டி, பக்கத்து வீட்டு அக்காவோடு பஸ் ஏற்றி அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. மகளைக் குளிப்பாட்டி முடித்தால் அவரும் தொப்பலாக நனைந்திருப்பார். அதோடு அன்றைய தூக்கம் கலைந்துவிடும். தூக்கம் என்றால் உயிரை விடுகிற மனுஷன் அவர்.

அதனால் ஒருநாள், பெண் பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளப் பழக வேண்டும், இனி அவளே குளிக்கட்டும் என்று மனைவியிடம் பெரிய பேச்சாகப் பேசினார். அவள் அதற்கு மசியவில்லை.

"உங்களுக்குத் தூங்கணும். அதைச் சொல்லுங்களேன்" என்றாள். "சரி, பழக்குங்க. ஆனா அவ ஒழுங்கா குளிக்கலைன்னு தெரிஞ்சா, என் லீவு நாள்லயும் நீங்கதான் எழுந்து குளிப்பாட்டணும்."

லீவு நாள் தூக்கத்துக்கே உலை. ஆனாலும் அவர் ஒப்புக்கொண்டார். ஊர் பஸ்ஸையெல்லாம் பளபளக்க வைக்கிறவருக்கு ஒரு சுண்டைக்காய்ப் பிள்ளை எம்மாத்திரம்?

பாடம் பஸ் கணக்கில்தான் நடந்தது. முதலில் கூரை, அதாவது தலை. அப்புறம் கண்ணாடி. அங்கே சோப்பு படக் கூடாது, கண்ணை இறுக்கி மூடு. அடுத்து இரண்டு பக்கத் தகடு, கடைசியில் சக்கரம். மகளுக்கு ஒரே குஷி. வாயால் ஹாரன் அடித்துக்கொண்டே கால் விரலிடுக்கெல்லாம் தேய்த்தாள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

பஸ்ஸைக் கழுவினதும் யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டாள். சூப்பர்வைசர் வந்து விரலால் தேய்த்துப் பார்ப்பார் என்றார். எங்கெல்லாம் என்றாள். முன் கண்ணாடி, படிக்கட்டுக் கம்பி, டிரைவர் பக்கக் கதவு, அவ்வளவுதான் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"விரல் போற இடத்தை நல்லா தேய்ச்சுட்டா போதும், பாப்பா. மத்ததை மழை பார்த்துக்கும்."

மகள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் முதல் அவர் வாளியில் வெதுவெதுப்பாகத் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டு, குளியலறைக்கு வெளியே பாயைப் போட்டுப் படுத்தார். உள்ளே குவளை குவளையாகத் தண்ணீர் விழுகிற சத்தம் தாலாட்டு மாதிரி இருந்தது. சற்று நேரத்தில் மகள் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நிற்பாள். அவர் அரைக்கண் திறந்து காதுக்குப் பின்னால் ஒரு விரல், முழங்கையில் ஒரு விரல், குதிகாலில் ஒரு விரல் வைத்துப் பார்ப்பார். மூன்று இடமும் ஈரம், மூன்றிலும் சோப்பு வாசனை. பாஸ். தூக்கக் கண்ணோடு உடுப்பு மாட்டிவிட்டு, அக்காவோடு அனுப்பிவிட்டு, திரும்பி வந்து குறட்டை. அந்த வாரம் அவர் ராஜாவாகத் தூங்கினார்.

மனைவியின் லீவு நாள் வந்தது. மகளுக்கு உடை மாற்றச் சட்டையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். வயிற்றில் நீலப் பேனாவால் வரைந்த ஒரு பூனை. தொப்புள்தான் அதற்கு மூக்கு. வாரத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் வரைந்துகொண்டு வந்து மகளே பெருமையாகக் காட்டியது. இன்னும் ஒரு மீசை முடிகூட அழியவில்லை.

மனைவி அவரை எழுப்பி, பூனையைக் காட்டினாள்.

"தினமும் குளிச்சியா இல்லையா?" என்று அவர் மகளிடம் எகிறினார்.

"குளிச்சேனே. உன் விரல் போற இடமெல்லாம் குளிச்சேன்."

தண்ணீர்? தண்ணீரைத் தரையில் ஊற்றியிருக்கிறாள், சத்தத்துக்கு. அவருக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அன்றைக்கு அவரே உட்கார்ந்து பூனையைத் தேய்த்து அழித்தார்.

தேய்க்கும்போதே ஒரு யோசனை தோன்றியது. துவட்டிவிட்டுச் சொன்னார், "இனிமே எங்க பார்ப்பேன்னு சொல்ல மாட்டேன்."

மகள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அதன் பிறகு அவளுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. எந்த இடத்தில் விரல் வரும் என்று தெரியாததால் உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்தாள். தொப்புளுக்குள்கூட நுரை இருந்தது. அவர் மறுபடி ராஜாவானார்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள், பையை இறக்காமலே ஒரு விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். விரல் கன்னங்கரேல் என்றிருந்தது.

"எங்க வெச்ச இதை?"

"உன் பஸ்ல. கடைசி சீட்டுக்குப் பின்னாடி."

அங்கே எல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்ல வாயெடுத்து, மென்று முழுங்கினார். மகள் எதிரில் அவருக்கு வெட்கமாகிவிட்டது. அவள் பையை மெதுவாக ஆணியில் மாட்டினாள்.

"நாளைக்கு எங்க பார்ப்பேன்னு சொல்ல மாட்டேன்ப்பா."

அவள் தினமும் பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள், எந்த வண்டி வருகிறதோ அந்த வண்டியில். இப்போதெல்லாம் 'குளியல்' டிப்போவை விட்டுக் கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது; மகள் தானே குளித்து, பக்கத்து வீட்டு அக்காவோடு போய்விடுகிறாள். அவர் வீட்டுக்கு வந்து படுக்கிற நேரத்தில் பேக்கரிக்காரி வேலை முடிந்து வந்து, சத்தமாகப் பாத்திரம் கழுவ ஆரம்பிக்கிறாள்.