மார்மேல் வைத்த கல்வண்டு

தையல் கடையில் காலர் தைக்கிற அவளுக்குப் பாட்டெழுதும் பைத்தியம் உண்டு. அதிலும் எகிப்தியப் பைத்தியம். எந்தப் பாட்டை எடுத்தாலும் செத்தவன் ஒருவன் எழுந்து நடப்பான், நரித்தலைச் சாமி தராசைத் தூக்கிக்கொண்டு வரும். தெருவில் அவளுக்குப் பெயரே பிரமிடு அக்கா. "இந்த வாரம் யாரைக்கா துணி சுத்திப் படுக்க வெச்சீங்க?" என்று பக்கத்து மிஷின்காரி சீண்டுவாள். அவளும் சிரித்துக்கொண்டே ஊசியில் நூல் கோர்ப்பாள்.

உள்ளே இருந்தது வயிற்றெரிச்சல். அவள் புருஷன் சலவை ஆலையில் பாய்லர் பார்த்தவன். வால்வு கெட்டுக் கிடக்கிறதென்று வாய் வலிக்கச் சொன்னான். யார் காதிலும் ஏறவில்லை. பாய்லர் வெடித்து அவன் போனதும், "அவன் கவனக்குறைவு" என்று முதலாளி கதையை முடித்துவிட்டார். ஃபோர்மேனும் அப்படியே சாட்சி சொன்னார். விசாரிக்க வந்தவர்கள் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

பிறகுதான் நூலகப் புத்தகம் ஒன்றில் எகிப்தியரின் மறு உலகத்தைப் படித்தாள். அங்கே எப்பேர்ப்பட்ட பெரிய மனுஷனும் நாற்பத்திரண்டு நீதிபதிகள் முன் நின்று, இந்தத் தப்பைச் செய்யவில்லை, அந்தத் தப்பைச் செய்யவில்லை என்று சொல்லியாக வேண்டும். சொன்னது மெய்யா என்று அவன் இதயத்தைத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். செத்த பிறகாவது கேள்வி கேட்க ஆள் வைத்தார்களே என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதையே பாட்டாக எழுதினாள். "நான் யாரையும் அழவைத்ததில்லை" என்று ஒருவர் பாட, "உண்மை" என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். கடைசிச் சரணத்தில் குட்டு உடையும்: இதயம் தனக்கெதிராகச் சாட்சி சொல்லாமலிருக்க, அந்த ஆள் எகிப்திய வழக்கப்படி கல்லில் செதுக்கிய வண்டு ஒன்றை மார்மேல் வைத்து இதயத்தின் வாயை அடைத்திருப்பான்.

முதலாளி செத்தார். ஆலைப் பாட்டுக்குழுவில் பாடும் கொழுந்தன் தயங்கித் தயங்கி அவள் வீட்டுக்கு வந்தான்.

"நினைவுக் கூட்டத்துல உங்க 'உண்மை' பாட்டைத்தான் பாடணும்னு சின்ன முதலாளி சொல்றாரு, அண்ணி. நாங்க குழுவுல பாடிக் கேட்டிருக்காரு. கடைசியில வர்ற வண்டு கிண்டெல்லாம் வேணாமாம்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் அழவைக்காத உத்தமராம் அவர்!

"உங்க அண்ணனைக் கொன்னவருக்கு நான் நற்சான்றிதழ் குடுக்கணுமா?"

"நான் இன்னும் அங்கதானே வேலை பாக்குறேன். மாட்டேன்னா தூக்கிடுவாங்க. பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு எங்க போவேன்?"

அவன் குழந்தைகளை நினைத்து எரிச்சலை விழுங்கினாள். "பாடித் தொலை. நானும் வந்து உக்காருவேன்."

ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் முதலாளியின் பெரிய படம் வைத்திருந்தார்கள். கொழுந்தன் பாடினான். ஒவ்வொரு வரிக்கும் தொழிலாளிகள் தலையைக் குனிந்து "உண்மை" என்று முணுமுணுத்தார்கள். தன் வார்த்தையையே வைத்துத் தன் புருஷனை இன்னொரு தடவை புதைக்கிறார்கள் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

"என் பழியை இன்னொருவன் தலையில் போட்டதில்லை" என்ற வரி வந்தது. கொழுந்தனுக்குப் பாதியில் குரல் நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி எடுத்தான். வரவில்லை.

"அண்ணி, என்னால முடியல," என்றான் மைக்கிலேயே.

அவள் எழுந்தாள். "வால்வு கெட்டுப்போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. ஓடுற வரைக்கும் ஓட்டுன்னு இந்தப் படத்துல இருக்கிறவர் சொன்னாரு."



"இந்தம்மாவை வெளியில கூட்டிட்டுப் போங்க," என்று சின்ன முதலாளி ஃபோர்மேனிடம் சொன்னான்.

ஃபோர்மேன் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார். அவள் கையைப் பிடிக்கவில்லை. படத்தைப் பார்த்தபடி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"உண்மை."