என் தவளை வரைந்த கோடு

ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்துப்போன அந்த வருடத்தில் எங்கள் கல்லூரிக்குத் தவளை வரவில்லை.

அப்போது நான் சேலத்தில் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். விருப்பப் பாடமாக நரம்பியல் எடுத்தவர்கள் ஆறு பேர். அதில் தமிழ் வழியில் பள்ளி முடித்தவள் நான் ஒருத்தி. முதல் மாதம் முழுக்க வகுப்பில் காதில் விழுந்ததை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு, விடுதிக்கு வந்து அகராதியில் தேடினேன். பாதிச் சொற்கள் அகராதியிலும் இருக்காது. ஆனாலும் விடவில்லை. பொங்கல் விடுமுறைக்குள், மூளையிலிருந்து புறப்படும் நரம்புகளை வரிசை மாறாமல் சொல்லச் சொன்னால் முதலில் உயர்வது என் கையாகத்தான் இருந்தது.

செய்முறைத் தேர்வு பங்குனியில். அதற்குள் முடிக்க வேண்டிய ஒரு சோதனை பாக்கி. தவளையின் தொடை நரம்பை, அது போய்ச் சேரும் கெண்டைக்கால் தசையோடு சேர்த்துப் பிரித்தெடுக்க வேண்டும். தசையின் நுனியில் நூல் கட்டி, மெல்லிய நெம்புகோல் ஒன்றில் மாட்ட வேண்டும். நெம்புகோலின் முனை, புகைக்கரி ஏற்றிய தாள் சுற்றிய ஓர் உருளையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நரம்பில் மின்சாரம் பட்டதும் தசை சுருங்கும். சுழலும் உருளையில் கரியை வழித்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கோடு எழும்பி இறங்கும். அந்தத் தாளை வார்னிஷில் நனைத்துக் காயவைத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்ட வேண்டும். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் ஆசிரியர் கையெழுத்துப் போட மாட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் தேர்வு அறைக்குள் விட மாட்டார்கள்.

மாசி மாதம் தவளை கொண்டுவருகிறவர் ஈரமில்லாத வெறும் சாக்கோடு வந்து நின்றார்.

"ஏரியெல்லாம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குதும்மா. நான் தவளைக்கு எங்க போறது? வேணும்னா ஓணான் புடிச்சிட்டு வரட்டுமா?"

ஆசிரியர் பீரோவைத் திறந்து ஒரு பழைய கோப்பை எடுத்தார். முந்தைய வருடங்களின் மாணவர்கள் எடுத்த கோடுகள், வார்னிஷ் பூசி, நீள நீளமாக அதில் இருந்தன.

"இந்த வருஷம் அனுசரிச்சுக்கங்க. ஆளுக்கு ஒரு துண்டு வெட்டி ஒட்டிடுங்க."

ஐந்து பேர் வெட்டி ஒட்டினார்கள். நான் கத்தரிக்கோலை வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம் சார். நான் தவளை கொண்டு வர்றேன்."

"எங்கேயிருந்து?"

"எங்க ஊர்ல இருந்து."

அம்மாபேட்டை நெசவு வீட்டிலிருந்து வரும் என் தோழி காதருகே வந்தாள். "ஒரு துண்டுத் தாளை ஒட்டுறதுக்கு இவ்வளவு திமிரா? ஒட்டிட்டு வாடி, டீ குடிக்கப் போகலாம்."

திமிர்தான். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னைப் பள்ளியில் சேர்த்த அன்று, என் பிறந்த நாளை வாத்தியார் தனக்கு வசதியானபடி எழுதிக்கொண்டார். அப்பா அதற்குக் கீழே கைநாட்டு வைத்தார். எழுதியிருந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஐப்பசி அடைமழையில் பிறந்த நான் அன்றிலிருந்து எல்லாச் சான்றிதழிலும் வைகாசியில் பிறந்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்து நான் அதைச் சொன்ன அன்று அப்பா சாப்பிடாமல் எழுந்து காட்டு வேலைக்குப் போய்விட்டார். அடுத்தவர் எழுதியதற்குக் கீழே விரல் வைக்கிற வீட்டிலிருந்து முதல் ஆளாக எழுதப் படிக்க வந்துவிட்டு, அடுத்தவர் எடுத்த கோட்டுக்குக் கீழே நான் என் பெயரை எழுதுவதா?

சனிக்கிழமை மல்லசமுத்திரம் பஸ் ஏறினேன். அங்கிருந்து எங்கள் ஊருக்கு நடை.

எங்கள் கிணற்றில் ஆட்கள் இறங்கி ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அடியில் மிச்சமிருந்த சேற்று நீரிலிருந்து அகப்பட்ட மூன்று பச்சைத் தவளைகளை அவர்கள் கூடையில் வைத்து மேலே ஏற்றியிருந்தார்கள். அவை மாட்டுத் தொட்டியில் கிடந்தன. தண்ணீரின் மேல் வேப்பங்கொத்து மிதந்தது. வறட்சியில் தவளையைக் கொன்றால் இருக்கிற மேகமும் ஓடிப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதை நான் மறந்தே போயிருந்தேன். போன வாரம்தான் ஊர்ப் பெண்கள் வீடு வீடாகக் கஞ்சி வாங்கி, ஊர் எல்லையில் உட்கார்ந்து குடித்து, பஞ்சம் பிழைக்கப் போகிறோம் என்று வானத்தைப் பார்த்து அழுதுவிட்டு வந்திருந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி. நான் வந்த காரணத்தைச் சொன்னபோது அவரும் தொட்டிப் பக்கம்தான் நின்றிருந்தார்.

"ஏம்புள்ள, நாங்க மழைக்கு அழுதழுது கண்ணு வீங்கிக் கெடக்கறோம். நீ தவளையக் கொல்லோணும்னு வந்து நிக்கறியா?"

"படிப்புக்குங்க பெரியம்மா."

"என்ன படிப்பு சாமி அது? மழைக் காலத்துல எங்கூட்டு மாடு தெனம் நாலு தவளைய மிதிக்குது. அதுக்கு எந்தக் காலேஜுல பட்டம் குடுத்தாங்க?"

கிணற்று மேட்டில் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். பெரியம்மா அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஒளித்து எடுத்த தவளையை வைத்து ஒளிக்காத கோடு எடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா கிணற்றுப் படியேறி வரும்வரை நின்றேன்.

அவர் முழுவதும் கேட்டார்.

"தொட்டா ஒதைக்கும். அதைப் பாக்கறக்கு என்ன இருக்குது?"

"தொட்ட ஒடனே ஒதைக்காதுங்கப்பா. நடுவுல துளி நேரம் இருக்குதுங்க. நரம்பு வழியாச் சேதி போய், தசை கேக்கற நேரம். அதைக் கோடா எடுத்து அளக்கோணும்."

"அது புஸ்தகத்துல இல்லியா?"

"இருக்குதுங்க. அது வேற ஆரோ பாத்ததுங்க. அதையே ஒட்டி, நான் எடுத்தேன்னு எழுதச் சொல்றாங்க."

அப்பா தொட்டிக்குள் கையை விட்டு வேப்பங்கொத்தை ஒதுக்கினார்.

"அப்பறம் உன்ற பொறந்த தேதியாட்டத்தான் ஆவும்," என்றார். பிறகு பெரியம்மா பக்கம் திரும்பினார். "மழை வரலீன்னா என்னையக் கேளுங்க அண்ணி." என்னிடம் ஒரு விரலைக் காட்டினார். "ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான். கெட்டுப்போச்சு, இன்னொண்ணு குடுன்னு வரப்படாது."

பெரியம்மா என்னிடம் பேசாமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை தூக்குப்போசியில் ஈரத் துணி போட்டுத் தவளையை வைத்து, மூடியைக் கொஞ்சம் திறந்து பிடித்தபடி பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"போசிக்குள்ள என்னம்மா, கொழம்பா? ஆடுது?"

"தவளைங்க."

"அதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

பஸ்ஸே சிரித்தது. நான் மூடியை விடவில்லை.

ஒரு தவளை என்றால் இரண்டு கால், இரண்டு முயற்சி. அவ்வளவுதான். தலைக்குப் பின்னாலிருக்கும் பள்ளத்தில் ஊசியை இறக்கப் போனேன். தொட்டியில் மிதந்த வேப்பங்கொத்து கண்ணில் வந்தது. பிறகு இறக்கினேன். மூளையும் தண்டுவடமும் அழிந்தபின் வலி என்று ஒன்று அதற்கு இல்லை என்று படித்திருந்தேன். படித்ததை நம்புவது அன்று எளிதாக இருக்கவில்லை.

முதல் காலைக் கெடுத்தேன். அவசரத்தில் நரம்பை உலோக இடுக்கியால் நசுக்கித் தூக்கிவிட்டேன். கால் என் கையிலேயே நான்கைந்து முறை துடித்தது. நெம்புகோலில் மாட்டி மின்சாரம் கொடுத்தபோது அசையவில்லை. நெம்புகோல் முனை நேர்கோடு ஒன்றை இழுத்துக்கொண்டே போனது.

தோழி நூலை எடுத்தாள். "முடிச்சுப் போடுறது எங்க வீட்டுத் தொழில். தள்ளு, நான் கட்டித் தர்றேன்."

"நீ உருளைக்குப் புகை போடு. இதுல கை வைக்காதே."

"சரிங்க மகாராணி," என்று மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றவைக்கப் போனாள்.

இரண்டாவது காலில் உலோகமே படவிடவில்லை. கண்ணாடிக் குச்சியால் சதையை விலக்கினேன். வெள்ளை நூல்போல நரம்பு தெரிந்தது. அது காயாமல் உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தேன். முடிச்சை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன். தோழி உருளையைச் சுழலவிட்டாள். நான் மின்சாரம் விடும் சாவியை அழுத்தினேன்.

முனை எழுந்து இறங்கியது. கரியில் ஒரு சின்ன வெள்ளை மேடு.

அதன் கீழே இசைக்கவை ஒன்றை அதிரவிட்டுக் காலக்கோடு எடுத்தோம். ஒவ்வொரு நெளிவும் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு. மின்சாரம் பட்ட இடத்துக்கும் கோடு எழும்பத் தொடங்கிய இடத்துக்கும் நடுவே எண்ணினேன். ஒரு நெளிவும் இன்னும் கொஞ்சமும். மறுபடி எண்ணினேன். அதேதான்.

ஆசிரியர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உயரம் போதலையேம்மா. புத்தகத்துல இருக்கிறதுல பாதிகூட இல்ல. பேசாம அந்தப் பழசையே ஒட்டிடு. எக்சாமினருக்கும் பார்க்க நல்லா இருக்கும்."

"பட்டினி கிடந்த தவளை சார். இவ்வளவுதான் எழும்புச்சு. இதைத்தான் ஒட்டுவேன்."

அவர் பேனாவைத் திறந்தார். கோட்டுக்குக் கீழே தேதியை எழுதி, கையெழுத்துப் போட்டார். தேர்வு நாளில் ஆறு நோட்டுகளில் ஐந்தில் ஒரே மாதிரி அழகான மேடு. என்னுடையதில் மட்டும் குட்டை மேடு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, ஏன் குட்டை, ஏன் தாமதம் என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே போனார். கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியது, நான் நிறுத்தவில்லை.

தேர்வு முடிந்து நோட்டை ஊருக்கு எடுத்துப்போனேன். அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எதுல அந்த நேரம்?"

காட்டினேன். அவர் கட்டைவிரலை அங்கே வைத்தார். மண்வெட்டி பிடித்துத் தடித்த விரல். அதற்கடியில் இடைவெளி, மேடு, பாதிக் காலக்கோடு எல்லாம் மறைந்துபோயின.

"ஒண்ணையுங் காணமே."

"வெரல எடுங்கப்பா."

எடுத்தார். குனிந்து, மூச்சுப் படாமல், வெகுநேரம் பார்த்தார்.

சித்திரைக் கடைசியில் ஒரு மழை பெய்தது. இடி நின்றதும் கிணற்றுப் பக்கமிருந்து தவளைச் சத்தம். பெரியம்மா முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். மாசிக்குப் பிறகு என்னிடம் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"கேட்டயா? உன்னையத்தான் வையுதுக. அந்த ஒண்ணையும் உட்டிருந்தீன்னா பங்குனியிலயே பேஞ்சிருக்கும்."

"இருக்குமுங்க பெரியம்மா," என்றேன்.

அவர் முறத்தை இறக்கினார். "செரி, கொண்டா அதை. அப்படி என்னத்த வரைஞ்சுது, பாக்கறேன்."

நோட்டை எடுக்க உள்ளே போனேன்.