தானே திறந்த கதவு

துக்க விடுப்பு பற்றி அந்த நிறுவனத்தின் பணியாளர் கையேடு சொல்வது இது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர் இறந்தால் விடுப்பு உண்டு. இதர உறவினர் என்றால் தலைமையகத்தின் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம் கிடைத்த இரண்டு வேலை நாட்களுக்குள் பதில் தரப்படும். மாவட்டக் கருவூலத்தில் தலை நரைக்கும்வரை விதிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். ஒரு விதியைப் படித்தவுடன் அது யார் கழுத்தில் விழும் என்று எனக்குத் தெரிந்துவிடும். உறவினர் சாகும் முன்பே அனுமதி கேட்டு வைப்பது எப்படி என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை.

அந்த விதியை நினைக்கும்போதெல்லாம் கண்ணில் வந்து நிற்பது ஒரு கண்ணாடிக் கதவு. நாமக்கல் கடைவீதியில் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று திறந்த பேரங்காடியின் வாசல் கதவு. ஆள் கிட்டே வந்தால் தானே இரண்டாக விலகும். கூடவே மேலிருந்து ஒரு பெண் குரல், "வருக, வருக! இன்று உங்களுக்காகவே சிறப்புச் சலுகைகள்!" என்று அழைக்கும். திறந்த புதிதில் முட்டை லாரி ஓட்டுநர்கள்கூட வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து, கதவு முன்னால் போவதும் வருவதுமாக விளையாடினார்கள். குரலுக்குப் பதில் வணக்கம் சொன்ன பெரியவர்களும் உண்டு. கடையின் உரிமங்கள், எடைக்கல் முத்திரை, தொழிலாளர் பதிவேடுகள் இவற்றைக் கவனிக்க ஓய்வு பெற்ற ஆள் ஒருவர் தேவைப்பட்டார். அப்படித்தான் நான் அங்கே போனேன். மேலாளரைத் தெரிந்துகொண்டதும் அப்படித்தான்.

முப்பது வயதைத் தாண்டிய உள்ளூர்க்காரர் அவர். சின்ன வயதில் தகப்பன் போய்விட, பெரியப்பா வீட்டில் வளர்ந்தவர். பெரியப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். தன் பையனையும் தம்பி பையனையும் ஒரே தட்டில் சோறு போட்டு வளர்த்தவர் என்று ஊரில் சொல்வார்கள். மேலாளர் சிங்கப்பூரில் பயிற்சி முடித்து, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்தபோது பட்டறையில் எல்லோருக்கும் பெரியப்பாதான் லட்டு கொடுத்தாராம். எருமப்பட்டிப் பக்கத்து ஊர்களிலிருந்து கடைக்கு வேலைக்கு வந்த பெண் பிள்ளைகள் எல்லோரும் மேலாளரின் சொல்லை நம்பி வந்தவர்கள். அவர்களுடைய தகுதிகாண் பருவம் முடியும் நேரம். நிரந்தரமாக்க மேலாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான மேலாளர் கையெழுத்துப் போட முடியாது. இதுவும் கையேட்டில் இருக்கிறது.

பெரியப்பா ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் இறந்தார். ஊர்வலம் மாலையில் என்று முடிவாயிற்று. கடை நேரத்தில் சாவிப் பொறுப்பாளர் ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும். மொத்தம் இரண்டு பேர். துணை மேலாளர் பயிற்சிக்காகப் பெங்களூரு போயிருந்தார். அனுமதி இல்லாமல் வெளியேறினால் அது பணியிடத்தைக் கைவிட்டுச் சென்றதாகக் கணக்கு; ஒழுங்கு நடவடிக்கை வரும். விடிந்ததும் பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நேரே கடைக்கு வந்து விண்ணப்பத்தை அனுப்பினார் மேலாளர். வரைவு என்னுடையது, நகல் எனக்கும் வந்தது. வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு அன்று விடுமுறை. எங்கள் அரசாங்க அலுவலகமாக இருந்திருந்தால், தற்செயல் விடுப்பு என்று ஒரு வரி எழுதி மேசையில் வைத்துவிட்டு அவர் போயிருக்கலாம். அரசாங்கத்தைப் பற்றி நான் பெருமைப்படும் சந்தர்ப்பங்கள் குறைவு. அது ஒன்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எங்கள் கடைவீதியில் சாவு ஊர்வலம் வந்தால் ஒவ்வொரு கடைக்காரரும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார். போகிறவர் உறவா பகையா என்று பார்ப்பதில்லை. ஊர்வலம் கடந்ததும் ஷட்டர் மேலே போகும், வியாபாரம் தொடரும். இதற்கு யாரும் சட்டம் போட்டதில்லை. அதனாலேயோ என்னவோ யாரும் மீறியதுமில்லை. எங்கள் கடைக்கு முன்பக்கம் ஷட்டர் கிடையாது. உலகம் முழுக்க ஒரே மாதிரி வாசல் என்பது நிறுவனத்தின் கொள்கை. கடை திறந்த பிறகு அந்த வீதியில் வரப்போகும் முதல் பெரிய சாவு இதுதான்.

கதவைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கவாவது அனுமதி கேட்போம் என்று உதவி மையத்தை அழைத்தோம். எடுத்த பெண் நல்ல தமிழில் பேசினாள்.

"காரணம் தீ, வெள்ளம், கலவரம், மரணம். இதுல எது சார்?"

"மரணமுங்க," என்றார் மேலாளர். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"கடைக்குள்ளயா இறந்தார்?"

"இல்லீங்க, ஊட்லங்க."

"அப்போ வராது சார். கடைக்குள்ள இறந்தாத்தான் அந்த ஆப்ஷன்."

மேலாளர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பெரியப்பா இங்க ஒரு தடவ வந்தாருங்க சார். மேல பாத்து, 'அந்தம்மாளுக்குத் தொண்ட வலிக்காதா சாமி'ன்னு கேட்டாரு," என்றார்.

மாலையில் பறைச் சத்தம் கேட்டது. எதிர் வரிசையில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாகப் பாதி இறங்கின. பெரியப்பா தன் பட்டறையில் கட்டிய லாரியிலேயே வந்தார். பக்கப் பலகையில் அவர் விரும்பிப் போடும் மயில் படம் மாலைகளுக்கு நடுவே தெரிந்தது. லாரிக்கு முன்னால் கொள்ளிச்சட்டியோடு அவர் மகன், மேலாளருக்கு அண்ணன். மேலாளர் கடைக்குள், கதவிலிருந்து தள்ளி நின்றிருந்தார். நான் பக்கத்தில். லாரி நேராக வந்தபோது அவர் தன்னை மறந்து இரண்டு அடி முன்னால் போய்க் கைகூப்பினார்.

கதவு விலகியது. "வருக, வருக! இன்று உங்களுக்காகவே சிறப்புச் சலுகைகள்!"

பறை நின்றுவிட்டது. வீதி முழுவதும் அந்தக் குரல் ஒன்றுதான் கேட்டது. மேலாளர் கூப்பிய கையை இறக்கவில்லை. கதவு மூடப் பார்த்தது. அவர் அங்கேயே நின்றதில் மறுபடி திறந்தது, மறுபடி வரவேற்றது. அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"எங்கப்பன உள்ளார கூப்புடறதுக்கு ஆர்டர் வந்துருச்சு. நீ வெளிய வாரதுக்குத்தான் இன்னும் வரலயாடா?"

நான் மேலாளரின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கதவு மூடிக்கொண்டது. பறை மறுபடி ஒலித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லாரி நகர்ந்து போனது. அன்று கடை மூடும் வேளையில், போயிருக்கலாமே தம்பி என்றேன். "கதவு தொறந்துதானுங்க சார் இருந்துச்சு. அந்தப் புள்ளைக மொகத்தைப் பாத்தேன். காலு வரல," என்றார்.

கருமாதிக்கு நானும் அவரோடு போனேன். அவர் மொட்டை போட்டிருந்தார். வாசலில் நின்ற அண்ணன் இவரைப் பார்த்ததும், "வாங்க. உக்காருங்க. சாப்பிட்டுப் போங்க," என்றார். பிறந்ததிலிருந்து டா போட்டுக் கூப்பிட்டவர். எங்கள் பக்கத்தில் மரியாதை அளவுக்கு மேல் கிடைத்தால் உறவு முடிந்தது என்று பொருள். மேலாளர் சாப்பிட உட்கார்ந்து, இலையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு கடைக்கு ஆள் வருவது நின்றது. போராட்டம் இல்லை, கோஷம் இல்லை, சுவரொட்டி இல்லை. எதிரில் இருந்த மளிகைக்கடைக்காரரிடம் விசாரித்தேன். பல வருஷமாக நான் அவரிடம்தான் சாமான் வாங்குகிறேன். "கோவமெல்லாம் இல்லீங்க. அந்தக் கதவுகிட்டப் போனா அந்தம்மா கூப்புடறது காதுல உழுகுது. பொணத்தக் கூப்புட்ட குரலாச்சுங்களே. எம் பொண்டாட்டி அந்தப் பக்கமே நடக்க மாட்டீங்கறா," என்றார். இதை அப்படியே எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினேன். அவர்கள் ஆய்வுக்குழு ஒன்றை அனுப்பினார்கள். விலை, வண்டி நிறுத்தம், விளக்கு வெளிச்சம், பொருள் வகை என்று கட்டங்கள் போட்ட தாளோடு வீதியெங்கும் அலைந்தார்கள். பதில் எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. கடைசியில், வரவேற்பு போதவில்லை என்று முடிவு செய்து குரலின் ஒலியைக் கூட்டினார்கள்.

மேலாளர் அந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார். அவர் உள்ளே நின்றதற்குக் கிடைத்தது அது. மழைக்காலம் முடிவதற்குள் கடையை மூடிவிட்டார்கள். நிரந்தரமானவர்கள் நிரந்தரமாக வீட்டுக்குப் போனார்கள். மேலாளரை மட்டும் விடவில்லை. பயிற்சிக்கு எழுதிக் கொடுத்த ஒப்பந்தக் காலம் பாக்கி இருக்கிறது. வடக்கே ஏதோ ஒரு நகரத்தில், இதே கதவும் வேறு மொழியில் ஒரு குரலும் உள்ள கடையில் இருக்கிறார். எப்போதாவது பேசும்போது, "அண்ணன பட்டறைப் பக்கம் பாத்தீங்களா சார்?" என்று மட்டும் கேட்பார். பார்த்தேன், நன்றாக இருக்கிறார் என்பேன். அண்ணன் இவரைப் பற்றிக் கேட்டாரா என்று அவர் கேட்பதில்லை. நானும் சொல்ல வேண்டிய நிலை வரவில்லை.

கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. குத்தகைக் காலம் முடியும்வரை உரிமையாளரால் வேறு யாருக்கும் விட முடியாது; நிறுவனமும் திறக்காது. சமீபத்தில் ஒரு காலையில் அந்த வழியாக நடந்தபோது கண்ணாடிக் கதவில் புதிதாகச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பெரியப்பாவின் படம், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி, கீழே குடும்பத்தார் பெயர்கள். பசை இன்னும் காயவில்லை. பழக்கத்தில் பெயர்களை மேலிருந்து கீழ்வரை சரிபார்த்தேன். இருக்க வேண்டிய ஒரு பெயர் இல்லை. கிட்டே போய்ப் படித்தும் கதவு அசையவில்லை.

அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மேலாளரின் பழைய துக்க விடுப்பு விண்ணப்பத்துக்கு வந்த பதில்; விண்ணப்பத்தின் நகல் என்னிடம் இருந்ததால் எனக்கும் ஒரு நகல். தங்கள் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. சிறப்பு விதிவிலக்காக, இதர உறவினரின் இறுதிச் சடங்குக்கு அரை நாள் அனுமதிக்கப்படுகிறது. மாற்றுச் சாவிப் பொறுப்பாளர் கடையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு புறப்படவும். எந்தக் கடிதத்தையும் தேதி பார்க்காமல் கீழே வைக்கிற வழக்கம் எனக்கில்லை. பார்த்தேன். எதிரே கண்ணாடியில், பெரியப்பாவின் படத்துக்குக் கீழே முதலாம் ஆண்டு நினைவு நாள் என்று போட்டிருந்த அதே தேதி.