அட்டைக்கா

அலுவலகப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. பூச்சி வளர்க்கும் கூடத்தில் எல்லோருக்கும் அவள் அட்டைக்கா. பன்னிரண்டு வருடமாக அவள் செய்வது அட்டைதான். அந்துப்பூச்சியை வேலை மெனக்கெட்டு நொய்யில் வளர்ப்பாள். அது இடும் முட்டைகளைச் சலித்து, பசை தடவிய அட்டையில் தூவி, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குளவிகளிடம் கொடுப்பாள். குளவி அந்த முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடும். நாலு நாளில் அது கறுக்கும். அந்த அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி மக்காச்சோள இலையில் குத்திவிட்டால், வெளியே வரும் குளவிகள் படைப்புழுவின் முட்டைகளைத் தேடிப்போய் அதே வேலையைப் பார்க்கும். புழு பிறக்கும் முன்பே கதை முடிந்துவிடும். அந்துப்பூச்சியின் செதில் மூக்கில் ஏறி அவளுக்கு வருடம் முழுக்கத் தும்மல். பாவம், அதற்கு யாரும் அவளுக்கு விருது கொடுக்கவில்லை.

புருஷனுக்கு மருந்தடிக்கும் தொழில். முதுகில் மெஷினை மாட்டினானென்றால் வயலில் ஒன்றும் மிஞ்சாது, குளவி உட்பட. ஒருத்தி வளர்ப்பதை ஒருவன் கொல்லும் வீட்டில் எப்படித்தான் இத்தனை வருடம் அடுப்பெரிந்ததோ.

"அட்டைன்னு சும்மாவா பேர் வெச்சாங்க? ஒட்டிக்கிட்டா விடமாட்டா," என்பான். அவளும் சிரிப்பாள். குளவியை அவன் 'தூசி' என்று சொல்லும்போது மட்டும் சிரிப்பு வராது.

இந்த முறை அவனுடைய அக்கா தன் மக்காச்சோளத்தில் அட்டை கட்டச் சம்மதித்தாள். அவளுக்கு இருப்பதே அந்த ஒரு வயல்தான். எட்டாம் நாள் காலையில் தம்பிக்குப் போன் செய்தாள். இலையடியில் முட்டையெல்லாம் கறுத்துக் கிடக்கிறதாம், உடனே வந்து அடிக்க வேண்டுமாம். அவன் மெஷினோடு கிளம்ப, அட்டைக்கா லீவு சொல்லிவிட்டு வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

"அண்ணி, இது நம்ம குளவி உள்ள இருக்கிற கறுப்பு. நாளைக்குக் காலையில வெளிய வந்துடும்," என்றாள், இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு.

"புழு வர்றதுக்கு முன்னாடியும் முட்டை கறுக்கும்," என்றான் புருஷன்.

அதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தக் கறுப்பு மங்கல், இது பளபளப்பு. பன்னிரண்டு வருடம் பார்த்த கண்ணுக்குத்தான் அது தெரியும். கண் ஏமாந்திருந்தால் அண்ணியின் பயிர் சல்லடையாகிவிடும். 

"ஒரே ஒரு நாள் பொறுங்க அண்ணி. புழு வந்துச்சுன்னா, மருந்து கலக்க நானே தண்ணி சுமக்கறேன்."

அண்ணி தம்பியைப் பார்த்தாள். அவன் திறந்த மருந்து மூடியைத் திருகி மூடினான். முட்டையிருந்த இலை ஒன்றைக் கிள்ளிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மறுநாள் அவள் எழுந்து வந்தபோது, அவன் ஜன்னலோரம் குந்தியிருந்தான். கையில் துணி கட்டிய கண்ணாடி பாட்டில். உள்ளே இலை. கண்ணாடியில் தூசி நடந்துகொண்டிருந்தது. புழு ஒன்றுகூட இல்லை.

"நான் அடிச்சதுல இதுங்களும் இருந்துச்சா?" என்று கேட்டான்.

"இருந்துச்சு."

அவன் பாட்டிலை மெல்ல ஜன்னலில் வைத்தான். பிறகு போனை எடுத்து, "அக்கா, மெஷின் வேணாம்," என்று மட்டும் சொன்னான்.

அவளுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது.

"அந்தப் பக்கம் திரும்பித் தும்மு," என்றான். "பயந்துடப் போகுதுங்க."